வழக்கு நிலம்

தேவகோட்டைக் கோர்ட்டில்
வாதி மீனாள், பிரதிவாதி சேவுகன்.
நடுவில் கிடந்த பதினெட்டு சென்ட்டுக்குப்
பெயர் கிடையாது, சர்வே எண்தான்.
'இருதரப்பாரும் நுழையலாகாது'
என்ற தடையுத்தரவு
பதினோரு வருஷம் என் பீரோவில்
சேலைக்கடியில் படுத்திருந்தது.

ஆடு நுழைந்தால்
அவன் ஆடென்று நானும்
என் ஆடென்று அவனும்
பள்ளத்தூர் ஸ்டேஷனுக்குப் போவோம்.
அதற்குப் பயந்தே இருவரும் முள் அடைத்தோம்,
ஆளுக்கொரு பக்கம், போட்டி போட்டு.

என் பக்கம் வருஷத்துக்கு மூன்று உழவு.
கடலைக்கு மூட்டை மூட்டையாய் உரம்,
களைக்கு மருந்து.
வரப்பைக்கூட மழித்து வைத்திருந்தேன்.
போகிறவர்கள் "சுத்தமா இருக்கு" என்பார்கள்.
சேவுகன் தைலமரம் போட்டான்.
என் கிணறு இறங்கியதையும்
மனுவில் சேர்க்கச் சொன்னேன் வக்கீலிடம்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி அடித்து ஊற்றியது.
விடிந்து பார்த்தால்
என் செம்மண் கண்மாய்க்குள்
டீத்தண்ணீராய் நிற்கிறது.
வயலில் மிஞ்சியது சரளைக்கல்.
வழக்கு நிலத்திலிருந்து மட்டும்
ஒரு சொட்டு வெளியே ஓடவில்லை.

ஆள் நுழையத்தான் தடை.
கை நுழையலாமா என்று
உத்தரவில் இல்லை.
முள்ளை விலக்கி விட்டேன் கையை.
மணிக்கட்டுவரை இறங்கியது.
என் வயலில்
கடப்பாரை எகிறித் திரும்பும்.

காரைப்புதர், ஆவாரை, கொழிஞ்சி,
அடியில் நன்னாரி ஓடுகிறது.
மேலே விழுந்த இலை முழுசு,
அதற்குக் கீழே பாதி,
அதற்கும் கீழே இலையா மண்ணா
சொல்லத் தெரியவில்லை.
வெள்ளை நூல் பூஞ்சை, மண்புழுக் குருணை.
ஒரு கௌதாரி
என்னைப் பிரதிவாதியாய்ப் பார்த்துவிட்டு
உள்ளே போனது.

யாரும் உழவில்லை, எரு அடிக்கவில்லை.
வக்கீல் ஃபீஸ் மட்டும்
தவறாமல் கட்டியிருந்தோம்.

சும்மா விட்டால் போதும் போல என்று
அடுத்த வருஷம் ஒன்றும் செய்யாமல் போட்டேன்.
பார்த்தீனியம் வந்தது.
கடலை அரைமூட்டை.
அதையும் எலி பங்கு கேட்டது.

மறுபடி வேலியோரம் போய்
இந்த முறை உட்கார்ந்து பார்த்தேன்.
நிலம் எந்த மாதமும்
வெறும் உடம்போடு இருக்கவில்லை.
பக்கத்துப் பக்கத்து வேர்கள்
வேறு வேறு ஆழத்தில் குடித்தன,
வாய்தா இல்லாமல் தகராறு தீர்ந்திருந்தது.
கறையான் புற்றின் மேட்டுப்பக்கம்
சருகு அணை கட்டியிருந்தது,
தண்ணீர் அங்கே நின்று யோசித்திருக்கும்.

சித்திரை மழைக்குக் கொழிஞ்சி விதைத்து
பூக்குமுன் மடக்கி உழுதேன்,
சரிவுக்குக் குறுக்கே, ஒரே ஒரு உழவு.
மாட்டுக்காரரிடம் விற்கும் கடலைக்கொடியை
வயலுக்கே திருப்பிப் போட்டேன்.
கடலைக்கு நடுவே துவரை.
வரப்புப் புல்லை விட்டுவிட்டேன்.
"மீனாளுக்கு உடம்பு சரியில்லையோ"
என்று கேட்டவர்கள் உண்டு.

மூன்றாம் வருஷம் ஒன்பது மூட்டை.
முன்பு பதினொன்று எடுத்த நிலம்தான்.
ஆனால் உரக்கடை நோட்டில்
அந்த வருஷம் என் பக்கம் வெள்ளை.
கிணற்றில் ஒரு படி கூடுதலாய் நனைந்திருந்தது.
தைலமரம் அங்கேதான் நிற்கிறது,
அதனால் மழைக்கே அந்தப் படியை எழுதினேன்.

பங்குனியில் தீர்ப்பு.
ஆளுக்கு ஒன்பது சென்ட்.
சர்வேயர் நட்ட கல்லின் சுண்ணாம்பு காயுமுன்
சேவுகன் ஜேசிபி கொண்டுவந்தான்.
ஒரு மணி நேரம் ஆனது,
பதினோரு வருஷத்துக்கு.

"என் ஒன்பது சென்ட்டுக்குள்
நான் நுழையக்கூடாதென்று
தடை வாங்க முடியுமா?"
வக்கீல் சிரித்தார்.
வாதியும் பிரதிவாதியும்
ஒரே ஆளாக இருக்கமுடியாதாம்.
எனக்கென்னவோ
இருந்தேன் என்றுதான் தோன்றுகிறது.

இப்போது வெயில் ஏறினால்
என் பக்கத்துக் கொழிஞ்சி நெற்று
முறுக்கி வெடிக்கிறது.
விதை கல்லைத் தாண்டி
அவன் பக்கம் விழுகிறது, தினமும்.
சேவுகன் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.
இதுவரை மனு எதுவும் போடவில்லை.