உருண்டைக் கணக்கு

வீட்டைவிட்டுப் போன வாரமே
ஞாயிறு காலை ஒன்பதுக்கு வந்துவிட்டார் அப்பா.
வாழ்க்கையில் முதல்முறையாக
எங்கள் அழைப்புமணியை அழுத்தினார்.
"கையைக் கழுவு" என்றாள் அம்மா.
அவ்வளவுதான் வரவேற்பு.

கிரான்ஸ்டன் தெருவெல்லாம்
பனி உருகி ஓடியது.
எங்கள் ஜன்னலில் பூண்டு மூச்சு.

பாலில் ஊறிய பழைய ரொட்டி,
மாடு பாதி, பன்றி பாதி,
கைநிறையத் துருவிய சீஸ்.
உப்புப் பார்க்கப்
பச்சை இறைச்சியை நாக்கில் வைப்பார் அப்பா.
"செத்துத் தொலை" என்று
பதினெட்டு வருடம் திட்டிய அம்மா
அன்று வாயைத் திறந்து
மூடிக்கொண்டாள்.

எண்ணுவது தம்பி ஃபியோரே:
ஆளுக்கு நான்கு,
நுன்சியோ மாமாவுக்கு ஆறு,
பொரியும்போதே நான் திருட இரண்டு.
அப்பாவைச் சேர்ப்பதா என்று தெரியாமல்
மடக்கிய விரலோடு நின்றான்.
"போன வாரம் எத்தனை?"
தக்காளிச் சாற்றைக் கிளறியபடி
திரும்பாமல் கேட்டாள் அம்மா.
"இருபத்துநான்கு."
"அப்புறம் என்ன?"

ஸ்பகெட்டி தீர்ந்தது.
தட்டைத் துடைத்த ரொட்டியும் தீர்ந்தது.
மாமா மட்டும் பேசிக்கொண்டிருந்தார்,
கார் டயர் விலை பற்றி.

கோட்டை மாட்டிய அப்பாவிடம்
ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை நீட்டினாள் அம்மா.
உள்ளே கணக்கில் வராத ஐந்து உருண்டைகள்.
எப்போது உருட்டினாளோ.
"டப்பா திரும்பி வரணும்."

சலவைக்கடை மாடியில் அவர் அறை.
பதினோரு டப்பாக்களை அங்கே எண்ணியிருக்கிறேன்,
கழுவிக் கவிழ்த்தவை.
வாராவாரம் கேட்கிறாள்.
வாராவாரம் மறக்கிறார்.

போன ஞாயிறு
ஒரு மூடி மட்டும் கொண்டுவந்தார்.