வலது கை

டர்பன் நகர மண்டபத்தின் ஒப்பனை அறையில்
திருஷா நாயக்கர்
வெள்ளை மாத்திரை ஒன்றை நகத்தால் உடைத்தாள்.
அவள் அப்பாவின் ரத்தக் கொதிப்புக்கு
அரசாங்க மருத்துவமனை கொடுத்த அட்டை.
ஒன்று குறைந்தால் எண்ணிப் பார்க்க மாட்டாராம்.
"இந்தா, பாதி உனக்கு.
முக்கால் மணியில் நெஞ்சு வாயை மூடிக்கொள்ளும்."

எனக்கு ஆகாது.
ஆஸ்துமாக்காரி தொட்டால் மூச்சுக்குழாய் இறுகும் என்று
கிளினிக் நர்ஸ் சிவப்பு மையில் எழுதித் தந்திருக்கிறாள்.
நான் மெரிபேங்கில் பிறந்தவள்.
வேலிக்கு அந்தப் பக்கம் எண்ணெய் ஆலை,
இந்தப் பக்கம் என் நுரையீரல்.
எங்கள் வகுப்பில் ஏழு பேரிடம் பம்ப் இருந்தது.

நானும் பையைத் திறந்தேன்.
நீலப் பம்ப். இரண்டு இழுப்பு.
மூச்சு வந்தது. கூடவே, வழக்கம்போல,
விரல்களுக்குள் ஒரு தேனீக் கூட்டமும்.

அதுவும் மருந்து, இதுவும் மருந்து.
விண்ணப்பத்தில் இரண்டைப் பற்றியும் ஒரு வரி இல்லை.
வில்லுக்கு ரோசினைச் சொந்தமாகக் கொண்டுவரவும்
என்று மட்டும் இருந்தது.

சீட்டு எடுத்ததில் இருவருக்கும் தோடி.
காந்தாரம் அசையாமல் நின்றால்
அது தோடியே இல்லை.
இடது கை ஆடினால் அதற்குப் பெயர் கம்பிதம்.
வலது கை ஆடினால்
பயம்.

அவள் வில், துறைமுகத்துக்குள் வரும் கப்பல்.
ஓர் அலைகூட எழவில்லை.
என்னுடைய நீண்ட சட்ஜமோ
தகரக் கூரைமேல் மழையாகத் தெறித்தது.

மதிப்பெண் தாளில் அவளுக்கு: கம்பிதம் சுத்தம்.
எனக்கு: கை நடுக்கம். பயிற்சி போதாது.
பதினொரு வருஷப் பயிற்சி.
இரண்டே மதிப்பெண்.

ஆட்சேபப் படிவம் கேட்டு வாங்கினேன்.
"மாத்திரை" என்று எழுதினேன்.
அடுத்த சொல் வரவில்லை.
போன வருஷம் இதே மண்டபத்தில்
வாந்தி எடுத்துவிட்டு மேடையேறியவள் அவள்.
அனுபல்லவி மறந்து,
வில்லைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றாள்.
அன்று நான் ஜெயித்தேன்.
அது நியாயமா என்று யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.
ஆலையின் மேல் ஆட்சேபம் சொல்ல
இந்தப் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.

மடித்தேன். பம்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

திரும்பும்போது அவள் காரில்தான் வந்தேன்.
வேறு யார் மெரிபேங்க் வரை வருவார்கள்?
அவள் ஓட்டினாள். அதனால்
கோப்பை என் மடியில்.
தெற்கு நெடுஞ்சாலையில், புகைபோக்கியின் தீ
தெரிவதற்கு முன்பே
நான் கேட்காமலே ஜன்னல்களை ஏற்றினாள்.
வாசனை எப்படியும் வந்தது.

என் விரலடியில் கோப்பையின் மூடி
கிணுகிணு என்று சத்தமிட்டுக்கொண்டே இருந்தது.
ரோடு சரியில்லை, என்றாள்.
ரோடு புதிது.