அரைத் துண்டு

பேடமிலிருந்து க்ரோனிங்கனுக்குப் பத்து கிலோமீட்டர்.
ஹெஸ்ஸல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.
நான் இன்னும் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியை
நூலக அட்டையால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில்
பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு
அவன் போட்ட கணக்கு:
தனக்கு, போவதற்கு, கறுப்பு ரொட்டி இரண்டு துண்டு,
மேலே ஒரு சீவல் பாலாடைக்கட்டி.
என் காருக்கு, அதே பாதைக்கு,
பெட்ரோலை ரொட்டியாக மாற்றிப் பார்த்தால்
நாற்பது துண்டு.

"நாற்பதும் உனக்கென்று நினைக்காதே.
முப்பது வெறும் சூடாய்ப் போய்விடும்.
மிச்சம் பத்தில் ஒன்பதரை
இரும்பு தன்னைத்தானே சுமக்க.
உனக்கென்று ஓடுவது அரைத் துண்டு."

நான் விடவில்லை.
கட்டிக்குப் பின்னால் ஒரு பசு நிற்கிறதே,
அதன் ஏப்பத்தை யார் பேரில் எழுதுவது?
மேடே இல்லாத ஊர் இது,
இங்கே மலை என்றால் காற்றுதான்;
போன செவ்வாய் அந்த மலையேறி வந்து
இறைச்சிச் சட்டியை நீ ஒருவனே வழித்தாயே,
அது எத்தனை துண்டு?

பென்சில் நின்றது.
சீவலை மட்டும் எடுத்துத் தட்டின் ஓரம் வைத்தான்.
கொஞ்சம் பார்த்தான்.
பிறகு தின்றுவிட்டான்.

மழை நாட்களில் அவனைக் கடந்து போவேன்.
குனிந்த முதுகு, திறந்த வாய்,
மூக்கு நுனியில் ஒரு சொட்டு.
ஒருமுறை நிறுத்திக் கதவைத் திறந்தேன்.
தலையை மட்டும் ஆட்டினான்.
உள்ளே இருக்கைக்குச் சூடு, வானொலி, உலர்ந்த காலுறை.
வெட்கமாக இல்லை என்றால் பொய்.
இறங்கிவிடுவேன் என்றாலும் பொய்தான்.

இன்று கால்வாய்த் திருப்பத்தில் அவனை எட்டிவிட்டேன்.
கரையில் ஒரு சாம்பல் நாரை.
கை நீட்டினால் தொடும் தூரத்தில் அவன் போகிறான்,
அவன் மூச்சு ஆவியாய்ப் பின்னால் கலைகிறது,
அது கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.

நான் வந்தேன்.
அவ்வளவு பெரிய உடம்பை
அள்ளித் தூக்கிக்கொண்டு எழுந்தது,
காற்றை மிதித்து மிதித்து
அக்கரைக்குப் போனது.

விடியலிலிருந்து நின்று
எத்தனை மீன் பிடித்ததோ.
அதில் ஒன்றை நான் செலவழித்துவிட்டேன்.
என் முன்னே ஒளிரும் முட்கள்
வேகம் காட்டின, எரிபொருள் காட்டின,
வெளியே மைனஸ் இரண்டு என்றன.