மேற்கு முனை

டூங்காபியில் அந்த மைதானத்தைப் போட்டவன்
சூரியனைக் கேட்காமல் போட்டிருக்கிறான்.
நாலரை மணிக்கு மேல்
மேற்கு முனையிலிருந்து ஓடி வருகிறவனுக்குப்
பின்னாலேயே வெயிலும் ஓடி வரும்.

அந்த முனையைக் கேப்டனிடம் கேட்டு வாங்கியவன் நான்.
தவரூபனுக்குக் கண் கூசுகிறது என்பதை
மூன்று ஞாயிறுகளாகக் குறித்து வைத்திருந்தேன்.

பந்து எகிறி ஹெல்மெட்டில் பட்டது,
இடது காதுக்குச் சற்று மேலே.
தேங்காய் உடைகிற சத்தம் என்பார்கள்.
அப்படி இல்லை.
யாரோ அக்கறையில்லாமல் கார்க் கதவைச் சாத்தியது போல.

ஆஸ்பத்திரியில் ஆறு மணி நேரம்.
ஸ்கேனில் ஒன்றுமில்லை,
ஆனால் தனியாக இருக்கிறவனைத் தனியாக அனுப்ப முடியாதாம்.
அவன் அணிக்காரர்களுக்குக் குழந்தைகள், அதிகாலை ஷிஃப்ட்.
நான் கையைத் தூக்கினேன்.
எழுந்தது ஒற்றை விரல்தான்,
அவுட் கொடுக்கிற அம்பயருக்கு எழுவது போல.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்ப வேண்டும்.
காகிதத்தில் கட்டங்கள் இருந்தன.

பெயர்?
சொன்னான்.
எங்கே இருக்கிறாய்?
‘உன்ர வீட்டுச் சோபாவில. கட்டையாக் கிடக்கு.’
என்ன கிழமை?
‘ஞாயிறு.’
பன்னிரண்டரை ஆகியிருந்தது.
நானும் இன்னும் ஞாயிற்றுக்கிழமையில்தான் இருந்தேன்.
சரி என்று குறித்தேன்.

பிறகு போன் டார்ச்.
வலது கண்ணில் அடித்தேன்:
மிளகு கடுகாயிற்று.
இடது கண்ணில் அடித்தேன்:
மிளகு மிளகாகவே இருந்தது.

மறுபடியும் அடித்தேன். மிளகு.

கடைசி வரி தடித்த எழுத்தில்:
பாவைகள் அளவில் வேறுபட்டால் உடனே ஆம்புலன்ஸ்.
இந்த ஊரில் அதற்கு மூன்று சைபர்.
எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்திருப்பேன் சைபர்!
இரண்டை அழுத்திவிட்டேன்.
மூன்றாவதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

‘அது பழசு.
டொக்டருக்குத் தெரியும். பேப்பரைத் திருப்பிப் பார்.’

திருப்பினேன். நீல மையில், அவசரக் கையெழுத்தில்:
இடது பாவை, சிறு வயதுக் காயம், வெளிச்சத்துக்குச் சுருங்காது.

‘பதினாலு வயசில,’ என்றான்.
‘அதுக்கு மூடத் தெரியாது.
வாற வெளிச்சம் முழுக்க உள்ளுக்கு வரும்.’

எதனால் என்று கேட்கக் கட்டம் இல்லை.
நானும் கேட்கவில்லை.

‘டார்ச்சை எடன்ரா.’

அப்போதுதான் தெரிந்தது,
இன்னும் அடித்துக்கொண்டிருந்தேன்.
சுருங்காத அந்தப் பாவைக்குள்
விரற்கடைகூட இல்லாத ஒருவன்
கை நிறைய வெயிலோடு நின்றான்.

இரண்டரைக்கு எழுப்பினேன்.
நாலரைக்கு எழுப்பும்போது
சமையலறை விளக்கு என் முதுகுக்குப் பின்னால் விழாதபடி
சோபாவின் மறுமுனைக்கு மாறி உட்கார்ந்தேன்.
என்ன கிழமை, என்றேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டான்:
‘உன்ர ஓவர் இன்னும் முடியேல்லையோ?’