டீசல் வாசனை

எனக்கு வலிப்பு வருமுன்
டீசல் வாசனை வரும்.
பதினெட்டு வருஷம் பேருந்து ஓட்டியவனுக்கு
இதைவிட உதவாத முன்னறிவிப்பு கிடையாது.
டெப்போவில், சாலையில், என் கோட்டுக் காலரில்,
எது உலகத்தின் டீசல்
எது என் மண்டைக்குள் கசியும் டீசல்?

முதலில் விழுந்தது, நல்லவேளை, சாப்பாட்டு அறையில்.
நாக்கைக் கடித்திருந்தேன். கோப்பை உடைந்திருந்தது.
கெத்தின் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து
கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் இருந்தானாம்.
இரண்டு நிமிஷம், பத்து நொடி.
வேல்ஸ் கடற்கரை வழித்தடத்தில்
நேரம் தவறாத ஒரே ஓட்டுநர் அவன்தான்.

உரிமத்தை உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.
மேலாளர் மேசையில் சாவிக்கொத்தை வைத்தபோது
அது இன்னும் என் கைச்சூட்டில் இருந்தது.

காலையில் இரண்டு மாத்திரை, இரவில் இரண்டு.
விழுவது குறைந்தது. நிற்கவில்லை.

மெரெரிட்தான் நூலகத்துப் பலகையில் பார்த்துவிட்டு
என்னை ஹைல்வெனிடம் கூட்டிப்போனாள்.
பழைய தேவாலயக் கூடம், செவ்வாய்க்கிழமை,
கண்ணாடியில் கடல்மழை.
மேசை நிறையக் குப்பிகள்.
சிரிப்பதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்தேன்.
அவள் ஒன்றையும் திறக்கவில்லை.
மாத்திரைகளின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டாள்,
மருத்துவமனைத் தாதிக்கு ஒரு கடிதம் எழுதினாள்,
பதில் வந்தபின் வாருங்கள் என்றாள்.

பதில் வந்தது. போனோம்.
குப்பிகள் பாதிதான் இருந்தன.
ரோஸ்மேரி, கற்பூரம், யூகலிப்டஸ், ஈசோப்பு
எல்லாம் அலமாரிக்குள், பூட்டோடு.
"இவை உங்களைத் தள்ளிவிட்டாலும் விடும்."
வாசனைக்கும் கை உண்டு என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

மிச்சத்தில் எனக்குப் பிடித்தது இலாங் இலாங்.
பெயரே பள்ளிக்கூட மணிபோல.
மஞ்சள் பூவும் கனிந்த பழமும் கலந்த ஒரு கனம்.
இரவுதோறும் மெரெரிட் என் தோளில்
அதை நீர்த்துத் தேய்த்தாள்.
நாயைப் பழக்குவதுபோல் மூளையைப் பழக்கினோம்:
இந்த வாசனையா, தோளை இறக்கு,
இந்த வாசனையா, ஒன்றும் ஆகாது.
பகலில் ஒரு துளி, கைக்குட்டையில்.

ஏழாம் வாரம், பாத்திரம் கழுவும்போது
டீசல் எழுந்தது. முகர்ந்தேன்.
கைகாட்டாதவனைக் கடந்துபோகும் பேருந்துபோல
என்னைத் தாண்டிப் போய்விட்டது அது.
சோப்புக் கையோடு நின்று அழுதேன்.

அப்புறம் திமிர் பிடித்தது.
நான்கு நாள் மாத்திரையைத் தொடவில்லை.
ஐந்தாம் நாள் குளியலறைத் தரை, தாடையில் மூன்று தையல்.
மருத்துவர்கூட அவ்வளவு கோபப்படவில்லை.
ஹைல்வென் தலையில் கைவைத்துக்கொண்டாள்:
"நான் கொடுத்தது குடை, இட்வால்.
கூரையைப் பிரித்தெறிந்துவிட்டு
குடையோடு நிற்கிறாயே!"

இப்போது டப்பாவும் குப்பியும் ஒரே தட்டில்.
மூன்றுக்கு ஒருமுறை கைக்குட்டை ஜெயிக்கிறது.
மற்ற இரண்டில்
கீழே உட்காரவாவது நேரம் தருகிறது.
டெப்போவில் எனக்கு இருக்கை கழுவும் வேலை.
மெத்தைகளின் இடுக்கில் சில்லறை, ஒற்றைக் கையுறைகள்,
ஒருமுறை ஒரு பல் செட்.

போன இலையுதிர்காலத்தில்
வண்டிகள் எல்லாம் மின்சாரத்துக்கு மாறின.
கெத்தின் ஓட்டுவது குளிர்பதனப் பெட்டிபோல் முனகுகிறது.
மீன்படகுத் துறைப் பக்கம் நான் போவதில்லை.
ஆகவே இந்தத் தெருவில் டீசல் வாசனை வந்தால்
சந்தேகமே இல்லை,
அது நான்தான்.

நேற்று நிறுத்தத்தில் நிற்கும்போது வந்தது.
சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன்.
கைக்குட்டையை உருவினேன்.
மூக்கில் வைக்குமுன் ஒரு நொடி,
மெரெரிட்டிடம் சொல்லிவிடாதீர்கள்,
ஒரே ஒரு நொடி
அந்தப் பழைய வாசனையை
நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன்.