மூன்று நிமிடம்

மினா சல்மான் துறைமுகத்துக்குப் பின்னால்
எங்கள் குளிர்க்கிடங்கின் கதவு
ஒரு சாண் கனம்.
ஆகஸ்ட் அதன்மேல் சாய்ந்தே நிற்கும்,
உள்ளே வர வழியில்லாமல்.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து
நான் ஷட்டரைத் தூக்கும் நேரம்
ஜுஃபேரிலிருந்து நால்வர் வந்தார்கள்.
ஜெசிந்தா டீச்சர் மாதம் இருமுறை
என்னிடம் சீலா வாங்குகிறவர்.
தூத்துக்குடிக்காரர் என்பதால்
நான் துண்டு போடும்போது
கத்தியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.
புருஷன் கொரேரா அமெரிக்கப் படையில்.
எண்களை மட்டும் நம்புகிற மனுஷன்.

"மாத்தல் வந்துட்டுண்ணே. அலாஸ்கா.
பெரியவன் ஃப்ளோரிடால பொறந்தான், சின்னது இங்க.
குளிர்னா ஏசிதான் ரெண்டுக்கும் தெரியும்.
ஒரு தடவ உள்ள விடுவீங்களா?"

அதற்குள் வண்டிப் பக்கத்தில்
நாற்பத்தாறு டிகிரி வெயிலில்
பனிக்கோட்டு மாட்ட ஆரம்பித்துவிட்டான் பையன்.
எதிர்க் கிடங்கின் சிட்டகாங் பையன்கள்
வீடியோ எடுத்தார்கள்.
நான் ஓடிப்போய்க் கழற்றினேன்.
"வேர்த்த ஒடம்போட குளிருக்குள்ள போகாத வாப்பா.
குளிர் கூட அப்புறம்தான்,
வேர்வைதான் மொதல்ல கொல்லும்."
பதினோரு வருஷத்தில்
நான் படித்த பாடம் அது ஒன்றுதான்.

ஆபீஸ் அறையில் உலர்ந்து, மறுபடி உடுத்தி,
மூன்று நிமிடம் என்று சொல்லித் திறந்தேன்.

முதல் மூச்சில்
மூக்குக்குள் மயிர் முள்ளாகும்.
ஆன்றோ சிரித்தான்.
மிரெயா என் கையுறையின் கட்டைவிரலை மட்டும்
பிடித்துக்கொண்டாள்.
"மைனஸ் இருபத்தஞ்சு" என்றேன்.
"மைனஸ் பதிமூணு" என்றார் கொரேரா.
அவர் அளவு வேறு.
பையன் இருவரையும் பார்த்தான்:
"மைனஸ் நாற்பதுல ரெண்டும் ஒண்ணுதான்.
அங்க போனா சண்டை வராது."

டீச்சர் மட்டும்
பெட்டி பெட்டியாய் அடுக்கிய அயிலையின் முன்
நின்றுவிட்டார்.
"இவ்வளவு மீனு. வாசமே இல்லையேண்ணே."
"குளிர்ல எதுவும் நாறாது டீச்சர்."
மணக்கவும் செய்யாது என்பதை
நான் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் கண்ணாடிகள் மூடிக்கொண்டன.
குருடர்களைப் போல் நால்வரும் நின்று
துடைக்கத் தெரியாமல் சிரித்தார்கள்.
வீடு முழுக்கக் கண்டெய்னரில் ஏறுகிறதாம்,
சைக்கிள், தையல் மிஷின், வேளாங்கண்ணி மாதா,
எல்லாவற்றுக்கும் அரசாங்கம் நம்பர் ஒட்டுகிறதாம்.
எனக்கு முப்பது கிலோ, கையில் ஏழு.
பொறாமை இல்லை.
எடை போடுகிற தொழில்,
எண் தானாக மனசில் ஓடிவிடும்.

பிப்ரவரியில்
கல்லாவின் முன் கொரேரா நின்றார்.
தனியாக.
"ஆறு மாசத்துக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க."
"டீச்சர், பிள்ளைங்க?"
"அங்கதான்."
சீலா கேட்டார்.
கத்தியை ஓங்கிவிட்டு எப்போதும்போல்
"ரெண்டு கிலோவா?" என்றேன்.
"அரை போதும்."

அரைக் கிலோவின் எடை எனக்குத் தெரியும்.
கீழக்கரையில் என் வீட்டில் மூன்று பேர்,
இங்கே இரவுக்கு நான் வாங்குவதும் அதுதான்.

காசை வைத்தவர் போகவில்லை.
கிடங்குக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அங்க இப்ப எவ்வளவு சார்?"
"மைனஸ் நாற்பது."
"உங்க கணக்கா, எங்க கணக்கா?"
அவர் முகம் லேசாக அசைந்தது.
"அவன் சொன்னான்ல."

ஆணியில் தொங்கிய என் கோட்டை எடுத்துக் கொடுத்தேன்.
தோள் கொஞ்சம் இறுக்கம், பரவாயில்லை என்றார்.
உள்ளே போனார்.
கதவைச் சாத்தினேன்.

நேரம் பார்க்கவில்லை.