பதினேழாம் எண்

மேத்தா ஆற்றுக்குத் தெற்கே, செம்மண் வெளியில்
இருபத்திரண்டு வகைப் புல்.
பெயர் வைக்கிற அளவுக்கு எதுவும் இன்னும் பிழைத்துக் காட்டவில்லை;
முளைக்குச்சியில் எண் மட்டும்.
மரச்சட்டத்தை வீசிப்போட்டு
உள்ளே அகப்பட்டதை
ஒரு சாண் விட்டு அறுக்கிறேன்.
பச்சை எடை.
அடுப்பில் மூன்று நாள்.
பிறகு உலர் எடை, அதுதான் செல்லும்.
தண்ணீர் போனபின் மிஞ்சுவதற்குத்தான் கணக்கு.
என் சம்பளத்துக்கும் அப்படித்தான்.

நான்காம் எண் ராஜா.
ஜூன் மழையில் என் தொப்பியைத் தாண்டி நின்றது.
ஜீப்பை நிறுத்தி எலியேசர் கேட்டார்:
"யோலிமா, இதன் விதை எப்போது கிடைக்கும்?"
வேலிக்கு அப்பால் அவருடைய முப்பது மாடுகளும்
அதையே கேட்பதுபோல் நின்றன.
நான் அப்படி நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி.
எங்கோ புல்வெளி எரிந்து, கரித்தூள் சட்டைக் காலரில்.
நான்காம் எண்ணின் சட்டத்துக்குள் ஒரு பிடி வைக்கோல்,
அதில் பாதி போன வருடத்தது.
பதினேழைப் பற்றி ஜூனில் எழுதியிருந்தேன்: "பரவாயில்லை."
பக்கத்தைப் புரட்டி, வியர்வையில் ஒட்டிய தாளைப் பிரித்து,
மறுபடியும் எழுதினேன்:
"பரவாயில்லை."

நான்கு நிலம்: வெள்ளம் நிற்கும் பள்ளம், மணல்மேடு,
உழுது கைவிட்ட சோளக்காடு, இது.
எல்லாவற்றையும் ஒபேத் திரையில் கோடுகளாக்கினார்.
நல்ல நிலத்தில் விர்ரென்று ஏறும் கோடு
கெட்ட நிலத்துக்கு அதே வேகத்தில் இறங்கியது.
"சாய்வு" என்றார்.
எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்த வருடம்
குளிர்பெட்டியும் குதிரையும் வாங்கிக் கொட்டிய
என் அண்ணன் வில்மாரின் நினைவு வந்தது.
அவனுக்குக் கோடு போட முடியாது.
மூன்று வருடமாகத் தரவு இல்லை.

அக்டோபரில், இடி இடித்த ஓர் இரவில்
எலியேசரின் மாடுகள் வேலியைச் சாய்த்துவிட்டன.
காலையில் போய்ப் பார்த்தால்
ராஜா தலை கலையாமல் நிற்கிறது.
பதினேழைத்தான் தேடித் தின்றிருக்கின்றன,
மூன்றாம் பாத்தி முழுவதும், வேர்மட்டம் வரை,
எண் எழுதிய குச்சியையும் மென்று துப்பி.
தொலைபேசியில் ஒபேத்:
"மற்ற இரண்டு பாத்தியை வைத்து மதிப்பிட்டுவிடலாம்."
மதிப்பிடலாம். சூத்திரம் இருக்கிறது.
நான் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.
குறிப்புப் பத்தியில்: மாடுகள்.
அந்த அளவையை எங்கே சேர்ப்பது என்று
அவரும் சொல்லவில்லை.

பதினெட்டாம் நாள் அது முழங்கால் உயரம்.
அன்றுதான் எலியேசர் வந்தார்,
வாழையிலையில் சுற்றிய பாலாடைக்கட்டியோடு,
மன்னிப்பை வாயால் கேட்டுப் பழக்கமில்லாதவர்.
பதினேழின்மேலேயே நின்றுகொண்டு
அதற்கு அப்பால் பார்த்துக் கேட்டார்:
"அந்த உயரமானது, அது எப்போது?"

அவர் போனபின், பழக்கதோஷம்,
கட்டியைத் தராசில் வைத்தேன்.
எண்ணூற்று நாற்பது கிராம்.
பச்சை எடை.